வாலில்லாத தூது

நம் செல்லில் புரதம் செய்யச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ.க்களின் பின்னால் பொதுவாக அடினைன் எழுத்துகளாலான நீண்ட வால் இருக்கும். டி.என்.ஏ. நகலெடுப்போடு சேர்ந்து உருவாகும் ஹிஸ்டோன் (டி.என்.ஏ.வைச் சுற்றிவைக்கும் புரதம்) தூதுகளுக்கு அது இல்லை. அவற்றின் முனை தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசிபோல நிற்கிறது: தண்டில் 6 இணைகள், வளைவில் 4 எழுத்துகள். கடல் முள்ளெலியிலிருந்து மனிதர்வரை இவ்வடிவம் அதிகம் மாறவில்லை. இவ்வளவு சிறிய மடிப்புக்கு இத்தனை பொறுப்பா என்ற வியப்பு எனக்கு அடங்குவதே இல்லை.

எஸ்.எல்.பி.பி. என்ற புரதம் மடிப்பைப் பற்றிக்கொள்கிறது. யூ7 என்னும் குட்டி ஆர்.என்.ஏ. சற்றுத் தள்ளி இணைசேர, இடையில் வெட்டு விழுகிறது. பிடித்த புரதம் விடுவதில்லை. செல்லின் உட்கருவுக்கு வெளியே உடன் சென்று புரத உற்பத்திக்கும் துணைநிற்கிறது.

ஏன் இவ்வளவு கவனம்? ஏறத்தாழ 2 மீட்டர் டி.என்.ஏ. சில மணி நேரத்தில் இரட்டிக்கும்போது, ஒவ்வொரு 147 இணைகளையும் சுற்றிவைக்க எட்டு ஹிஸ்டோன்கள் வேண்டும். குறைந்தால் சுருட்ட முடியாது. மிகுந்தால் செல்லுக்கே நஞ்சு. அதனால் நகலெடுப்பு முடிந்ததும் தூதும் அழிந்தாக வேண்டும். அப்போது முனையில் சில யூரிடின் எழுத்துகள் ஒட்டப்படுகின்றன. சிதைக்கும் நொதிகளுக்கு அதுவே அழைப்பு. எஸ்.எல்.பி.பி.யும் சிதைக்கப்படுகிறது. ஹைட்ராக்ஸியூரியா மருந்தால் நகலெடுப்பைப் பாதியில் நிறுத்தினாலும் இந்தத் தூதுகள் விரைவிலேயே மறைந்துவிடுகின்றன.