அலை படிந்த கல்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்காவுக்கு எல்லோரும் ஏரியைப் பார்க்கத்தான் போகிறார்கள். என் மனம் நின்றதென்னவோ கல்லில். ஏரியின் இருபுறமும் ஏறக்குறைய 500 அடி உயரக் குன்றுகள். கத்தரிப்பூ நிறமும் ரோஜா நிறமும் கலந்த குவார்ட்சைட் பாறை. வயது ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகள்.

வழியோரப் பாறை ஒன்றில் உள்ளங்கையை வைத்தேன். வரிவரியாக மேடும் பள்ளமும். ஆழமில்லாத கடலில் அலை மணல்மேல் போட்ட கோலம் அது. மணல் கல்லாக இறுகிய பிறகும் கோலம் அழியவில்லை.

ஏரி பிறகு வந்தது. பனியாறு பள்ளத்தாக்கின் இரு வாயிலிலும் கல்லும் மண்ணும் கொட்டி அடைக்க, நடுவே நீர் தங்கியது. ஹோ-சங்க் பழங்குடியினருக்கு இது புனித நீர்.

குன்றேறும் கற்படிகளையும் சொல்ல வேண்டும். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையில்லா இளைஞர்களைத் திரட்டி அரசு அமைத்த பணிப்படை இங்கே முகாமிட்டுப் பாதைகள் போட்டது. அந்த இளைஞர்கள் அடுக்கிய கற்கள் இன்றும் நம் பாதங்களைத் தாங்குகின்றன.

சாயங்காலம் இறங்கி வந்து ஏரியில் கால் நனைத்தேன். கரை மணலில் சிற்றலை அதே வரிகளை மறுபடி எழுதிக்கொண்டிருந்தது.