ஒருநாள் உலாவும் திரும்பி வந்த மாட்டுவண்டியும்

தஞ்சாவூர்ப் பக்கம் படிப்பகமோ மாலை நேரப் படிப்பு மையமோ நடத்துகிறவர்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவார்கள். நிரல் பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் பெரிய கோயில், அப்புறம் அரண்மனை, சரஸ்வதி மகால். மதியம் ஒரு குழந்தைகள் இல்லத்திலோ முதியோர் இல்லத்திலோ சாப்பாடு பரிமாறுவது. சாயங்காலம் கல்லணை. ராத்திரிக்குள் வாட்ஸப்பில் படங்கள் வந்துவிடும். ஒரே நாளில் கல்வியும் ஆச்சு, சேவையும் ஆச்சு.

இந்த வடிவத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. நடத்துகிறவர்களைப் பற்றி அல்ல. அவர்களில் பலர் கைக்காசு போட்டு வேன் பிடிக்கிறவர்கள். வீட்டை விட்டுத் தனியாக எங்கேயும் அனுப்பாத பெண்பிள்ளைகளுக்கு, இந்த ஒரு நாள்தான் தோழிகளோடு ஊர் பார்க்கக் கிடைக்கிற நாள். அதனால் இதையெல்லாம் நிறுத்துங்கன்னு நான் சொல்லப் போவதில்லை. ஆனால் இதைக் கல்வின்னும் சேவைன்னும் சொல்லும்போது, அந்த இரண்டு வார்த்தைக்கும் கணக்குக் கேட்கத்தான் வேணும்.

முதலில் கல்வி. பெரிய கோயிலில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு தகவல்: உச்சியில் இருப்பது ஒரே கல், விமானத்தின் நிழல் தரையில் விழாது. நிழல் விழும். வெயில் சாய்ந்த நேரத்தில் போனால் யார் வேணும்னாலும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பார்த்தாலே தெரிகிற ஒன்றைப் பார்க்காமல், சொன்னதை எழுதிக்கொண்டு வருவதற்கு எதுக்கு வேன்?

அதே கோயிலின் சுவரில் வேறொன்று இருக்கிறது. ராஜராஜன் காலக் கல்வெட்டு ஒன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியல் போடுகிறது. பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய டேட்டாபேஸ்னே சொல்லலாம். கலம், மரக்கால் எல்லாம் டெல்டாப் பிள்ளைகளின் தாத்தாக்கள் புழங்கிய அளவுகள். அந்த நெல்லை யார் விளைவித்தார்கள், ஊரை விட்டு வரமாட்டேன் என்று அந்தப் பெண்கள் சொல்லியிருக்க முடியுமா என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அந்த நாள் முழுசும் அதற்கே சரியாகப் போகும். நான்கு இடம் ஓட வேண்டிய நிரலில் அந்தக் கேள்விக்கு இடம் கிடையாது.

அடுத்தது சேவை. இது இன்னும் சிக்கல். குழந்தைகள் இல்லத்தில் இருக்கிற பிள்ளைக்கு, வருகிறவர்கள் எல்லாருமே வந்துவிட்டுப் போகிறவர்கள்தான். பாடுவார்கள், விளையாடுவார்கள், படம் எடுப்பார்கள், நாலு மணிக்கு வேன் ஏறிவிடுவார்கள். அந்தப் படங்களை வெளியே போடுவது சட்டப்படியும் தப்பு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் விவரத்தையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

கம்போடியாவில் இது எதில் போய் முடிந்தது என்று பாருங்கள். வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் வருகையும் நன்கொடையும் கூடக் கூட, அங்கே அநாதை இல்லங்களும் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். நம்ம ஊர் அப்படின்னு நான் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களின் ஆசையே ஒரு தேவையை உண்டாக்கிவிட முடியும் என்பதற்கு அது உதாரணம்.

எங்க தொழில்ல டெமோன்னு ஒன்னு உண்டு. டெமோ நல்லா போச்சுன்னா சாஃப்ட்வேர் வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்ல. திங்கக்கிழமை காலைல நிஜமான ஆள் நிஜமான வேலையோட வந்து உட்காரும்போதுதான் தெரியும். ஒருநாள் சேவை என்பது திங்கட்கிழமையே வராத டெமோ.

இதற்கு மாற்று வெளியில் தேட வேண்டியதில்லை, டெல்டாவிலேயே இருந்திருக்கிறது. 1931 அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி புத்தகங்களோடு கிளம்பியது. ஏற்பாடு செய்தவர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை, ஒரு பொறியாளர். இந்தியாவின் முதல் நடமாடும் நூலகங்களில் ஒன்று அது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் புத்தகமாக வந்தது அதே 1931-இல்தான். இந்த வண்டியில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம். இரவல் கொடுத்த புத்தகத்தைத் திரும்ப வாங்க வண்டி அந்த ஊருக்கு மறுபடி வந்தே ஆகணும். அடுத்த வருகை யாருடைய நல்ல மனசையும் நம்பி இல்லை, ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்த நாட்டு நலப்பணித் திட்டத்திலும் காகிதத்தில் இந்தப் புத்தி உண்டு. வருஷம் 120 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு 240, தத்தெடுத்த கிராமம், அதோடு 7 நாள் சிறப்பு முகாம். ஆனால் முடித்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் முகாமைத்தான் சொல்வார்கள், 240 மணி நேரத்தைச் சொல்வதில்லை. டெல்டாவில் கிராமம் மாசத்துக்கு மாசம் மாறும். குறுவை நடவு நேரத்தில் பகலில் போனால் பல வீட்டில் ஆளே இருக்காது. சம்பா அறுப்பில் களத்துமேட்டில்தான் ஊரே இருக்கும். ஒரு தடவை போகிறவனுக்குத் தெரிவது ஒரு மாசத்து ஊர்தான்.

ஆகவே படிப்பு மையம் நடத்துகிற நண்பர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். நான்கு இடத்தை ஒன்றாகக் குறையுங்கள். ஐம்பது பேர் ஒருதரம் போவதற்குப் பதிலாக, ஐந்து ஐந்து பேராக மாதம் ஒருமுறை ஒரே முதியோர் இல்லத்துக்குப் போகட்டும். போகும் முன்னே அவர்களைக் கேளுங்கள்: பேப்பர் படித்துக் காட்டணுமா, பென்ஷன் மனு எழுதணுமா, மகனுக்குப் போன் போட்டுத் தரணுமா? குழந்தைகள் இல்லம் என்றால் போனைப் பையிலேயே வைத்துவிட்டு, இரவல் கொடுக்கப் புத்தகம் எடுத்துப் போங்கள்.

ஒவ்வொரு வருகையின் முடிவிலும், வேன் ஏறுவதற்கு முன்னால், அடுத்து வரும் தேதியை அங்கேயே எழுதிக் கொடுங்கள். அப்படி எழுத முடியவில்லை என்றால், அதைச் சுற்றுலா என்றே சொல்லிவிடலாம். சுற்றுலாவும் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான்.