பாய் மேல் என்ன நடக்கிறது? பிள்ளையின் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியை ரசிக்க ஒரு வழிகாட்டி

2016 ஆகஸ்ட் 14, ரியோ ஒலிம்பிக். பெண்கள் வால்ட் இறுதிச் சுற்றில் திரிபுராவின் அகர்தலாவிலிருந்து வந்த தீபா கர்மாகர் ஓடிவந்து, மேசையில் கையூன்றி, முன்பக்கமாக இரண்டு பல்டி அடித்து இறங்கினார். ‘புரொடுனோவா’ எனப்படும் அந்தத் தாவலை உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே போட்டியில் செய்திருக்கிறார்கள். தீபாவின் சராசரி 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைங்ரூபருக்கு 15.216. இடைவெளி 0.150. இரண்டு தாவல்களின் சராசரி என்பதால், கூட்டிப் பார்த்தால் 0.3. இறங்கும்போது ஒரு பெரிய எட்டு வைத்துவிட்டால் நடுவர் கழிக்கும் புள்ளியும் அதே 0.3தான்.

இந்தியா முழுவதும் அன்று அந்த இரட்டைப் பல்டியைப் பற்றிப் பேசியது. தீபாவோ பாயில் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும் அளவுக்குத் தாழ்ந்து இறங்கியிருந்தார். ஜிம்னாஸ்டிக்ஸ் பார்க்கத் தெரிந்தவர்களின் கண் முதலில் போனது அந்த இறக்கத்துக்குத்தான்.

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் ஒரு தாயோ தகப்பனோ பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸ் குழுவில் சேர்த்திருந்தால், அவர்களுக்கும் இதே கண் தேவைப்படுகிறது. பள்ளியில் பி.டி. சார் திரட்டிய குழுவாக இருக்கலாம், அடிவாரத்து ஊர் ஒன்றில் நடக்கும் வகுப்பாக இருக்கலாம். போய்ப் பார்த்தால் முதலில் ஏமாற்றமே மிஞ்சும். மாதக்கணக்கில் போகும் பிள்ளை இன்னும் சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நிற்கிறது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிறது. பாதி நேரம் சும்மா காத்திருப்பது போலத் தோன்றுகிறது. தொலைக்காட்சியில் பார்த்தது எதுவும் இங்கே இல்லை. ஆனால் அந்த வகுப்பு நேரத்துக்குள் பார்க்க நிறைய இருக்கிறது; எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

குழுவை முதலில் பாருங்கள்

ஜிம்னாஸ்டிக்ஸில் பிள்ளைகளை வயது பார்த்துப் பிரிப்பதைவிடத் திறன் பார்த்துப் பிரிப்பதே வழக்கம். கைகளில் உடல் எடையைத் தாங்கத் தெரிந்தவர்கள் ஒரு குழு, பின்னால் வளைந்து எழத் தெரிந்தவர்கள் அடுத்த குழு என்று போகும். பத்து வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளைகளோடு நிற்பது தண்டனை அல்ல. உயரமாக வளர்ந்த பிள்ளைக்குச் சுழலும்போது உடலைக் கட்டுப்படுத்துவது கடினம். அதற்குக் கூடுதல் காலம் வேண்டும். ஒரே பிள்ளை ‘பீம்’ எனப்படும் ஒடுங்கிய கட்டையில் மேல் குழுவிலும் ‘பார்’ எனப்படும் கிடைக்கம்பியில் கீழ்க் குழுவிலும் இருப்பதும் உண்டு.

காத்திருப்பதாகத் தோன்றும் நேரத்தையும் கவனிக்கலாம். நல்ல பயிற்சியாளர் இடத்தைப் பல நிலையங்களாகப் பிரித்திருப்பார். ஒரு பிள்ளை வால்ட்டில் ஓடும்போது அடுத்தது ஓரத்தில் குதித்து இறங்கப் பழகும். மூன்றாவது மல்லாந்து படுத்து, முதுகின் அடிப்பகுதி தரையில் படிய, கைகால்களைச் சற்றே உயர்த்திப் பிடித்திருக்கும். இந்த மூன்றாவது பயிற்சி பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் தலைகீழ் நிற்பது, பாரில் சுழல்வது, பல்டி அடிப்பது எல்லாவற்றுக்கும் உடல் எடுக்கும் வடிவம் இதுதான். வயிறு நடுங்க இன்னும் சில நொடி தாக்குப்பிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது, அந்த மாலையில் கிடைக்கும் நல்ல காட்சிகளில் ஒன்று.

கண்ணை எங்கே வைப்பது

தலைகீழ் நிற்கும்போது மணிக்கட்டு, தோள், இடுப்பு, கணுக்கால் நான்கும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா? ஆரம்பத்தில் முதுகு வில்லாக வளையும், தோள் முன்னால் சாயும். நாளாக ஆகக் கோடு நிமிரும். சுவரிலிருந்து ஒரு கணம் கால் விலகி, விழாமல் நின்றால், அந்த ஒரு கணத்துக்குப் பின்னால் பல வார உழைப்பு இருக்கிறது.

அடுத்து, பாதம். முழங்கால் மடங்காமல், விரல்நுனி வரை நீட்டிய கால் அழகுக்காக மட்டும் அல்ல. நடுவர் ஒவ்வொரு தளர்வுக்கும் புள்ளி கழிக்கிறார்; அதைவிட முக்கியம், விரல்நுனி வரை இறுக்கிய உடல் சுழலும்போது கட்டுக்குள் நிற்கும். தளர்ந்த கால் திசையைக் கெடுக்கும்.

கையூன்றிப் பக்கவாட்டில் சக்கரம் சுற்றுவதையும் ‘ரவுண்ட்-ஆஃப்’ எனப்படும் அதன் அண்ணனையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பயிற்சி சட்டென்று புரியத் தொடங்கும். சக்கரத்தில் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். ரவுண்ட்-ஆஃபில் இரண்டு காலும் சேர்ந்து இறங்கும், உடல் வந்த திசையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். முன்னால் ஓடிவந்த வேகம் அந்த நொடியில் பின்பக்கத் தாவலுக்கான வேகமாக மாறுகிறது. தரைப் பயிற்சியில் வரும் பெரிய பின்பல்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வாசல் இதுதான். அதனால்தான் பயிற்சியாளர் அந்த ஒரு அசைவை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்.

கடைசியாக, இறக்கம். முழங்கால் சற்று மடங்கி, கால்விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். முழங்கால்கள் உள்நோக்கிச் சாயக் கூடாது. மார்பு நிமிர்ந்திருக்க வேண்டும். விறைத்த காலோடு ‘டொம்’மென்று விழும் ஓசை கேட்டால் அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்குப் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட, ஓசை குறைந்துகொண்டே வருவதை வைத்துப் பிள்ளை தேறுவதை உணரலாம்.

பயிற்சியாளரின் கைகள்

பிள்ளை பின்னால் வளையும்போது இடுப்புக்கும் தோளுக்கும் கை கொடுக்கிறாரே, அதையும் ரசிக்கலாம். முதல் வாரங்களில் முழுப் பாரத்தையும் தாங்குவார். பிறகு இரண்டு விரல். பிறகு கை அருகில் இருக்கும், ஆனால் தொடாது. கொல்லிமலையில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க மூங்கில் ஏணியில் ஏறப் பழகும் இளைஞனுக்குக் கீழே பெரியவர் ஒருவர் ஏணியைப் பிடித்தபடி நிற்பதும், பழகப் பழகப் பிடியைத் தளர்த்துவதும் போன்றதே இது. கை எப்போது விலகுகிறது என்பதைக் கவனிக்கும் பெற்றோருக்குப் பயிற்சியாளர் பிள்ளையை எவ்வளவு நம்புகிறார் என்பது சொல்லாமலே தெரிந்துவிடும்.

தீபாவின் கதையில் இப்படிப்பட்ட கைகள் பிஸ்வேஸ்வர் நந்தி, சோமா நந்தி என்ற தம்பதியருடையவை. ஆறு வயதில் பயிற்சிக்கு வந்த தீபாவுக்குத் தட்டைப் பாதம். குதித்து இறங்கும் விளையாட்டில் அது பெரிய குறை. அதைச் சரிசெய்யவே நீண்ட காலம் உழைத்தார்கள். நல்ல உபகரணம் கிடையாது. பழைய ஸ்கூட்டரின் பாகங்களைக் கொண்டு அமைத்த சாதனத்தில் தொடக்கப் பயிற்சி நடந்தது. தந்தை துலால் கர்மாகர் பளுதூக்குதல் பயிற்சியாளர். அந்தச் சிறுமி 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆனார். 2024இல் தாஷ்கண்ட்டில், முப்பது வயதில், ஆசியத் தங்கம் வென்றார்.

வயதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘பத்து வயதுக்குள் சாதிக்காவிட்டால் அவ்வளவுதான்’ என்ற பேச்சு பெற்றோர் மத்தியில் சுற்றுகிறது. 1997 முதல் ஒலிம்பிக் போன்ற பெரிய போட்டிகளில் பெண்கள் அந்த ஆண்டுக்குள் 16 வயதை எட்டியிருக்க வேண்டும் என்பது விதி. தீபா விளையாடிய அதே ரியோ இறுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிட்டினாவும் புரொடுனோவாவை முயன்றார். அப்போது அவருக்கு 41 வயது.

பயம் சொல்லும் செய்தி

நேற்று வரை செய்த ஒன்றை இன்று செய்ய மாட்டேன் என்று பிள்ளை நிற்கும். பெற்றோருக்கு இது பிடிவாதமாகத் தெரியும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ், காற்றில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பிப்போனதால் பல போட்டிகளிலிருந்து விலகினார். உலகின் தலைசிறந்த வீராங்கனைக்கே அது நேர்ந்தது. 2024 பாரிஸில் திரும்பி வந்து மூன்று தங்கம் வென்றார். எனவே பிள்ளை தயங்கும் நாளில், பயிற்சியாளர் அதை ஒரு படி எளிய பயிற்சிக்கு இறக்குகிறாரா, கத்தித் தள்ளுகிறாரா என்று பார்க்க வேண்டும். முதலாவது நல்ல பயிற்சியின் அடையாளம்.

இங்கே ரசனையோடு விழிப்பும் சேர வேண்டும். பிள்ளை அழ அழ யாரும் காலை அமுக்கி விரிக்கக் கூடாது. மணிக்கட்டு வலி, முதுகு வலி நாள்பட நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்; வளரும் எலும்பின் நுனிகள் மென்மையானவை. பெற்றோர் வந்து பார்க்கவே கூடாது என்று சொல்லும் இடத்தை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவராக இருந்த லாரி நாசர் நூற்றுக்கணக்கான பெண்களிடமும் சிறுமிகளிடமும் அத்துமீறியது அம்பலமாகி 2018இல் தண்டனை பெற்றார். சில சமயம் பெற்றோர் அதே அறையில் இருந்தபோதே அது நடந்திருந்தது. எனவே உடனிருந்து பார்ப்பது மட்டும் போதாது; தொடுதல் எப்படி, எதற்காக என்பதைப் பிள்ளையோடு வெளிப்படையாகப் பேசிவைப்பது அவசியம். இந்தியாவில் உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் இருக்கிறது.

மலைக்கு ஏற்ற வழி

வசதியுள்ள ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கம் என்றால் 12 மீட்டருக்கு 12 மீட்டர் வில் பொருத்திய தரை, 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பீம், பார்கள், வால்ட் மேசை எல்லாம் வேண்டும். ஒரு மலைக் கிராமத்துக்கு இது எளிதல்ல. ஆனால் இதே உடல் அறிவை வளர்க்கும் கலை ஒன்று தமிழ்நாட்டில் வேரூன்றியிருக்கிறது: மல்லர் கம்பம். விழுப்புரம் அதற்குப் பேர்போன ஊர். நிலத்தில் ஊன்றிய மரக் கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவி, தொடையாலும் பாதத்தாலும் பற்றி, தலைகீழாகவும் கிடையாகவும் உடலை நிறுத்துவார்கள். கயிற்றிலும் செய்வார்கள்; அங்கே முடிச்சுப் போட அனுமதி இல்லை, கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் உடலே பிடிமானம். 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளையோர் போட்டியிலும் மல்லர் கம்பம் இடம்பெற்றது. அங்கேயும் பார்க்க வேண்டியவை அதே மூன்றுதான்: நேர்கோடு, பாதம், இறக்கம்.

இன்னொரு நடைமுறை விஷயம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் இறங்கிவந்த பிள்ளை தலைசுற்றலோடு இருக்கும். வந்த வேகத்தில் குட்டிக்கரணம் போட விடாமல், சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நிதானமாக உடலைச் சூடேற்ற விட வேண்டும். மலைமேலேயே பயிற்சி என்றால், பனி மூடிய காலைகளில் இந்தச் சூடேற்றலுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேட்கலாம்.

போட்டிக்குப் போகும்போது

புள்ளிப் பலகையில் இரண்டு எண் சேர்ந்து ஒன்றாகிறது. ஒன்று, எவ்வளவு கடினமானதைச் செய்தார்கள் என்பது. மற்றொன்று, எவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள் என்பது. இது 10இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். சின்னத் தவறுக்கு 0.1, நடுத்தரமானதுக்கு 0.3, பெரியதுக்கு 0.5, விழுந்தால் 1. ரியோவில் தீபாவின் புரொடுனோவா 7.000 கடினப் புள்ளியும் 8.266 செயல் புள்ளியும் பெற்றது. இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பிள்ளையின் போட்டியில் மொத்தம் குறைவாக வந்தாலும் கலங்க வேண்டியதில்லை. எளிய பயிற்சியைச் சுத்தமாகச் செய்து இரண்டாவது எண் போன முறையைவிட உயர்ந்திருந்தால், இடைப்பட்ட பயிற்சி நன்றாகப் போயிருக்கிறது.

திரும்பும் வழியில் ‘எத்தனையாவது வந்தாய்?’ என்பதற்குப் பதில் ‘எந்த இறக்கம் உனக்குப் பிடித்தது?’ என்று கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை விலாவாரியாகச் சொல்லத் தொடங்கும்; பெற்றோருக்கும் அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு மாதமும் ஒரு தலைகீழ் நிற்றலையும் ஒரு இறக்கத்தையும் பக்கவாட்டிலிருந்து செல்பேசியில் பதிந்துவைத்தால், ஆண்டு முடிவில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கலாம்.