பயறும் பாணியும் கூடும் பதம்

சித்திரை பிறக்கிற நேரத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் ஊர்களுக்கு ஒரு தனி முகம் உண்டு. காலபோகம் வெட்டிச் சூடடித்து நெல் வீடு வந்திருக்கும். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் காணும் என்ற பேச்சு வேலியோரங்களில் நடக்கும். ஒரு போகம் முடிந்து மறுபோகம் தொடங்குவதற்குள் கிடைக்கும் அந்தச் சிறிய ஆறுதலில்தான் வருடப்பிறப்பு வந்து சேர்கிறது. மருத்துநீர் வைத்து முழுகி, புத்தாடை உடுத்து, பெரியவர்கள் கையால் கைவிசேடம் வாங்கியபின் வீட்டில் வாய்க்கு எட்டுவதெல்லாம் நல்லது நடக்கவேண்டும் என்று நினைத்துச் செய்தவை. அவற்றை ஒவ்வொன்றாக, ஆறுதலாகப் பார்க்க வாருங்கள்.

முதலில் முற்றத்துக்குப் போவோம். சாணம் தெளித்து மெழுகிய தரையில் அரிசிமாக் கோலம். நடுவே மூன்று கல் வைத்த அடுப்பு. அதன்மேல் கழுத்தில் மஞ்சளிலையும் இஞ்சியிலையும் கட்டிய பானை. பால் எந்தப் பக்கம் பொங்கிச் சரிகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். எனக்கு அதைவிட, அதற்குச் சற்று முந்திய நொடிதான் பிடிக்கும். வெண்ணுரை விளிம்புவரை எழுந்து, விழலாமா என்று யோசிப்பதுபோல நின்று, பிறகு ஒரு மெல்லிய திரையாகப் பானையின் கரிய வயிற்றில் வழியும். அந்த வெண்மைமீது வீட்டுத் தலைவர் இரு கையாலும் அரிசியை ஏந்தி, பானையை மூன்றுமுறை சுற்றி, மெல்ல நழுவ விடுவார். அரிசி விழும் ஓசைகூடக் கேட்காது. அத்தனை பக்குவமான கை.

புக்கைக்குச் சிவப்புப் பச்சையரிசி போடுகிற வீடுகளை நான் கொஞ்சம் கூடுதலாக நேசிக்கிறேன். வெள்ளையரிசி சர்க்கரையின் நிறத்தைக் கடன் வாங்கும். சிவப்பரிசிக்குச் சொந்த நிறம் இருக்கிறது. அதோடு வறுத்த பயற்றம்பருப்பு பாதி கரைந்தும் பாதி முழுதாகவும் கிடக்க, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் ஒரு மினுக்கத்தில் சேர்த்துவிடும். வாழையிலையில் அகப்பையால் விட்டதும் புக்கை ஓடக்கூடாது, கட்டியாக நிற்கவும் கூடாது. இலையின் நரம்புகளைத் தொட்டுத் தொட்டு அதிகம் பரவாமல் தானாக அடங்கவேண்டும். அடிப்பானையில் பிடித்த காந்தலுக்கு உள்ள புகைமணம் அடுப்பு விறகின் கொடை. எரிவாயு அடுப்பில் அது கிடைப்பதில்லை.

பலகாரத் தட்டின் அரசி என்றால் எனக்குப் பயற்றம் பணியாரம்தான். நல்ல நாளென்றால் எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் முடியாது. வன்னியின் மேட்டு நிலத்தில் மழையை நம்பி விதைத்த பயறு, தைக்குப் பின் காய்ந்து, சுளகில் கலகலவென்று உருளும். அதை வறுப்பதிலேயே பாதிக் கலை இருக்கிறது. தாச்சி சூடேறியதும் பயற்றைப் போட்டு, கை ஓயாமல் பிரட்ட வேண்டும். பச்சை நிறம் மங்கி, அங்கங்கே தேன்நிறப் புள்ளி தோன்றி, வாசல்வரை மணம் போகும்போது இறக்கிவிட வேண்டும். அரை நிமிடம் பிந்தினால் கசப்பு. முந்தினால் மா பச்சை வாடை வீசும். 2009 இல் முடிந்த போரில் ஊரோடு சேர்த்து இழந்தவற்றுள் திருகையும் உரலும் எத்தனையோ. மீளக் குடியேறிய பின் பயற்றை அரைப்பது பெரும்பாலும் மில்லில்தான். வறுப்பதை மட்டும் எந்தப் பெண்ணும் அடுத்தவர் கையில் விடுவதில்லை.

வறுத்த பயற்றைக் கோது நீக்கி மாவாக்கி, அரித்து, பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப்பூவோடு சேர்ப்பார்கள். மிளகும் நற்சீரகமும் ஏலமும் பொடியாகி அதில் விழும். சர்க்கரைப் பாணியைக் காய்ச்சுகிறவர் அகப்பையிலிருந்து ஒரு துளியை விரல்களுக்கிடையில் எடுத்து விரித்துப் பார்ப்பார். நூல் இழுபட்டு அறாமல் நிற்கும் அந்தக் கணத்துக்குத்தான் பதம் என்று பேர். பாணி மாவுக்குள் இறங்கியதும் ஆறவிடக்கூடாது. கை பொறுக்கும் சூட்டில் பிடித்தால்தான் உருண்டை கட்டுப்படும். உள்ளங்கை சிவந்து போகும். ஆனாலும் பிடிக்கப்படுகிற ஒவ்வொரு உருண்டையும் தேசிக்காய் அளவில், ஒன்றைப்போல ஒன்று அமையும். அச்சுமில்லை, அளவுகோலுமில்லை, உள்ளங்கையின் குழிவுதான் அளவு.

பிறகு அதன் மேற்சட்டையைப் பாருங்கள். தேங்காய்ப்பாலில் அரிசிமாவும் கோதுமை மாவும் கரைத்து, ஒரு நுள்ளு மஞ்சளும் உப்பும் சேர்த்த கரைசலில் உருண்டையைத் தோய்த்து, கொதிக்கும் எண்ணெயில் விடுவார்கள். விட்ட கையின் ஓட்டத்தில் கரைசல் மெல்லிய நூலாக இழுபட்டு, உருண்டையின் ஓரத்தில் ஒரு சிறு வாலாக, சில வேளை பூவிதழ் மடிப்பாகப் பொரிந்து நிற்கும். சிலர் அதை உடைத்து எறிந்து உருண்டையை மொழுமொழுவென்று ஆக்குவார்கள். என் மனம் ஒப்பாத வேலை அது. அந்த மொறுமொறுத்த வாலில்தான் செய்தவரின் கைநடை தெரிகிறது. பல்லால் கடிக்கும்போது மஞ்சள் தோல் மெல்ல நொறுங்கி, உள்ளே மண்நிறத்து இனிப்பு அவிழும். இனிப்பு முடிகிற இடத்தில், தொண்டைக்குப் பக்கத்தில், மிளகு ஒரு சிறு சூட்டோடு எழும்பும். பணியாரத்தைத் திகட்டாமல் காப்பது அந்த மிளகு.

நல்ல வருடத்துக்குப் பயறு பருப்பு வகையை நம்புகிறவர்கள் நாம் மட்டுமில்லை. இத்தாலியில் புதுவருட இரவில் மைசூர்ப்பருப்பின் இனத்தைச் சேர்ந்த ஒரு பருப்பைச் சமைத்து உண்பார்கள். அதன் வட்டம் காசைப்போல இருப்பதால் செல்வம் வரும் என்ற நம்பிக்கை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அந்த இடம் தட்டைப்பயற்றுக்கு. காய்ந்தும் உயிரை உள்ளே வைத்திருக்கும் ஒரு விதையை மனிதர் இத்தனை திசைகளில் மங்கலமாகக் கொண்டது எனக்குத் தீராத சந்தோசம்.

அரியதரத்தையும் முறுக்கையும் இரண்டு வரியில் தாண்டுவது நியாயமில்லைதான். ஊறவைத்து இடித்த பச்சையரிசிமாவைச் சீனிப்பாணியில் குழைத்து ஓரிரவு உறங்கவிட்டுத் தட்டிப் பொரித்த அரியதரத்தின் ஓரம் மொறுமொறுக்கும், நடு மெத்தென்றிருக்கும். முறுக்கில் எள் எங்கே பதிந்திருக்கிறது என்று தேடித் தேடிக் கடிப்பது பிள்ளைகளின் கலை.

தட்டுகள் வீடு விட்டு வீடு போகும்போது இன்னொரு அழகு தெரியும். 1902 இல் தொடங்கி 1920 இல் கட்டி முடித்த இரணைமடுக் குளத்தை நம்பி, கனகராயன் ஆற்றுத் தண்ணீரை நம்பி வந்தவர்களின் ஊர்கள் இவை. கிளிநொச்சியில் 1936 இல் தொடங்கிய குடியேற்றத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் பணியாரப் பக்குவத்தையும் கொண்டு வந்தார்கள். 1958 இலும் 1977 இலும் இனக்கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் கைமணத்தோடு வந்தார்கள். பழைய வன்னிக் குடிகளின் அடுப்பு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது. ஆகவே ஒரே ஒழுங்கையில் நான்கு வீட்டுப் பயற்றம் பணியாரம் சாப்பிட்டால் நான்கு ருசி. ஒன்றில் ஏலம் முந்தும், ஒன்றில் மிளகு. ஒன்றில் தேங்காய்ப்பூ பல்லில் படும்படி பருமனாக இருக்கும். பலகாரம் கொண்டுவந்த தட்டை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அதனால் பொழுது சாயும்போது எல்லா வீட்டுத் தட்டிலும் எல்லா வீட்டுக் கையும் கலந்திருக்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பயற்றம் பணியாரத்தைச் சுடச்சுடத் தின்று தீர்த்துவிடாதீர்கள். பேணிக்குள் மூடி வையுங்கள். மூன்றாம் நாள் மேல்தோல் சற்று இளகி, தேங்காய்ப்பூவின் எண்ணெய் உள்ளே ஊறி, ஏலமும் நற்சீரகமும் பயறோடு ஒன்றிப்போயிருக்கும். அப்போது சீனி போடாத வெறுந்தேத்தண்ணியோடு ஒன்றை எடுத்துக் கடியுங்கள். அடுத்ததற்குக் கை தானாகவே பேணிக்குள் போகும்.