சூதும் அதிர்ஷ்டலாபச் சீட்டும்

திருக்குறளில் ‘சூது’ என்னும் 94ஆம் அதிகாரம் பொருட்பாலுள் வைக்கப்பட்டிருத்தல் நோக்கற்பாலது. ஆயினும் அவ்வதிகாரம் சூதாடுவோனைப் பேசுகின்றதேயன்றிச் சூதாட்டுவிக்கும் அரசைப் பேசவில்லை. கௌடிலியரோ தம் அர்த்தசாத்திரத்தில் சூதுக்கென ஓர் அத்தியட்சரை அமைத்து, வென்றவனிடம் நூற்றுக்கு 5 வீதம் அரசுக்குப் பெறுமாறு விதித்தார். 1963இல் இலங்கையில் தேசிய லொத்தர் சபை தோன்றியது. தமிழகத்தில் 1968இல் அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கி, 2003இல் அதனைத் தடை செய்தது. இவற்றில் கௌடிலியர் வழியே வென்றது எனலாம்.

தருமனைப் போலவோ நளனைப் போலவோ சீட்டு வாங்குவோன் நாடிழப்பதில்லையே என்பர். வள்ளுவர் சூதின் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார். பகடையில் வென்றவனே பின்னர்த் தோற்பவனாதலின் உவமை நேரே பொருந்தும். சீட்டிலோ பரிசு பெற்றவன் இரையோடு நீந்திப் போய்விடுகிறான். பத்திரிகையில் அவன் படத்தைக் கண்ட ஏனைய மீன்களே முள்ளில் அகப்படுகின்றன. உவமை பிழைபடவில்லை, அகன்றதென்க.

வருவாய் நற்பணிக்கன்றோ செல்கின்றது என்பது வலிய வாதம். இதற்கு விடை குறளினும் திருக்குர்ஆனிலேயே தெளிவாக உண்டு. இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபியர், அறுத்த ஒட்டகத்தின் பங்குகளை அம்புகளைக் குலுக்கி எடுத்துத் தீர்மானித்தனர், அதுவே ‘மைசிர்’. வென்றோர் அவ்விறைச்சியை ஏழைகட்கு ஈந்தனர் என விரிவுரையாளர் குறிப்பர். அதனாற் போலும், 2ஆம் அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அதிற் பயனும் உண்டென ஒப்புக்கொண்டே, கேடு அதனினும் பெரிதென்கிறது. நன்மையை மறுத்து விலக்குதல் எளிது. ஏற்றுக்கொண்டு விலக்குதல் அரிது.

இவ்வாதம் ஏட்டளவில் நிற்பதன்று. 1981இல் அமைந்த மகாபொல நிதியத்தில் லொத்தர் வருவாயின் பங்கும் சேர்கின்றது. குறளோதும் காரைதீவு மாணவனும் குர்ஆனோதும் மாவடிப்பள்ளி மாணவனும் ஒரே நிதியத்திலிருந்து புலமைப்பரிசில் பெறுகின்றனர். அவர்களைக் குறைகூறல் எம் கருத்தன்று. வேறு வழி அவர்க்கு வைக்கப்படவில்லை. ஆயின் அப்பணம் எவர் பையிலிருந்து வந்தது? வருமான வரியிற் பொருளுடையோன் மிகுதியாகவும் இல்லோன் குறைவாகவும் கொடுப்பன். சீட்டுக்கோ வயற்கூலியும் வணிகனும் ஒரே விலை கொடுக்கின்றனர். மாணவர்க்கு வேண்டிய தொகை முழுவதையும் வரியினின்றே அரசு அளித்தல் இயலாததன்று. அதனைக் கேட்டுப் பெறுவதில் அவ்விரண்டூராரும் ஒருமித்து நிற்கலாம்.