பங்குனி முதல் வைகாசி வரை

மலையகத்துப் பொகவந்தலாவையில் இளைஞன் ஒருவன் ஒரு கிரிக்கெட் அணிமீது பைத்தியமாக இருக்கிறான் என்றால் அது அநேகமாகச் சென்னை சூப்பர் கிங்ஸாகத்தான் இருக்கும். பங்குனிக் கடைசியில் கெம்பியன், கொட்டியாகலைத் தேயிலைத் தோட்டங்களில் மஞ்சள் டீ-சேர்ட்டுகள் வெளியே வந்துவிடும். முதுகில் 7 என்ற இலக்கமும் தோனியின் பெயரும் இருக்கும். பாதிக்கு மேல் அட்டன் நடைபாதைக் கடைகளில் வாங்கியவை, முதல் சலவையிலேயே சாயம் போனவை. அன்றிலிருந்து வைகாசி நடுப்பகுதி வரை, டிவி உள்ள ஒரு காம்பராவில் நண்பர் கூட்டம் ஒன்று சென்னையின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கூடும். வேலை வெட்டி இல்லாதவர்களின் கூத்து என்று இதை ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். தமிழனுக்குத் தமிழன் கொடுக்கும் ஆதரவு என்று நெஞ்சை நிமிர்த்துபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் இந்தப் பழக்கத்தைக் கிட்ட நின்று பார்த்ததாகத் தெரியவில்லை.

ஓர் அணியின் பின்னால் பருவம் முழுக்க அலைவது பல நாடுகளில் படித்த கல்லூரி வழியாக வருகிற சொத்து. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் நவம்பரில் தொடங்கி, மார்ச்சில் 68 அணிகள் மோதும் தேசியப் போட்டியில் உச்சத்துக்குப் போகிறது. எங்கே படித்தானோ அந்த அணிதான் ஒருவனுக்குக் கடைசிவரை. நம் இலங்கையில் ரோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் 1879 முதல் கிரிக்கெட்டில் மோதுகின்றன; யாழ். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. அப்பா எந்தக் கல்லூரிப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம். தோட்டப் பாடசாலைகளோ 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன. ஆசிரியரும் கட்டடமும் போதாமல் கிடந்த பள்ளிக்கு நூற்றாண்டு கண்ட பெரும்போட்டி எங்கிருந்து வரும்? தேயிலை மலையில் சமதரை கிடைப்பதே அரிது. கிடைத்த சமதரையில் தரவளையிலும் ரதல்லயிலும் வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்குக் கிளப்பும் மைதானமும் அமைத்துக்கொண்டார்கள். ஆகவே பரம்பரையாக வராத ஒன்றைத் தோட்டத்துப் பையன் தானாகத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவன் சென்னையைத் தேர்ந்ததில் வியப்பில்லை. சென்னையின் சினிமாவும் பாட்டும் நாடகமும் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தன. அதற்கு மேல் முரளி இருந்தார். முத்தையா முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். 2008 முதல் மூன்று பருவங்கள் முரளி மஞ்சள் சட்டையில் பந்துவீசினார். 2010இல் சென்னை முதன்முறை ஐபிஎல் கிண்ணத்தை வென்றபோது அவர் அந்த அணியின் வீரர். அதே ஆண்டு ஜூலையில்தான் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து விடைபெற்றார். அந்த மூன்று ஆண்டுகளில் சென்னையைக் கொண்டாடியவன் தன் ஆளைத்தான் கொண்டாடினான். அதை இரவல் பாசம் என்று சொல்ல முடியாது.

ஆனால் 2013ஐ நினைக்காமல் இதைப் பேசக் கூடாது. அந்த மார்ச் மாதம் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுத, இலங்கை வீரர்கள் எவரும் சென்னையில் நடக்கும் ஆட்டங்களில் ஆடுவதில்லை என்று ஐபிஎல் நிர்வாகம் முடிவெடுத்தது. சென்னை அணியிலேயே இருந்த குலசேகரவும் அகில தனஞ்சயவும் சொந்த மைதானத்தில் இறங்க முடியவில்லை. அப்போது பெங்களூர் அணியில் இருந்த முரளிக்கும் அதே கதிதான். இறுதிப் போரின் கொடுமைகள்மீது தமிழ்நாடு கொண்ட கோபம் நியாயமானது. அந்தக் கோபம் விரித்த வலையில், தோட்டத்துத் தொழிலாளியின் பேரனான ஒரு தமிழனும் இலங்கைக்காரன் என்ற ஒரே கணக்கில் சிக்கினான். இங்கே 'இந்தியத் தமிழன்' என்று பெயர் வாங்கியவன் அங்கே 'இலங்கைக்காரன்'. அந்தப் பருவத்திலும் பொகவந்தலாவையில் மஞ்சள் சட்டைகள் மடிக்கப்படவில்லை. இதைப் பெருந்தன்மை என்பதா, யோசிக்காத விசுவாசம் என்பதா? இரண்டும் கலந்தது என்றே எனக்குப் படுகிறது. 2022இல் இலங்கைப் பந்துவீச்சாளர் தீக்‌ஷனவைச் சென்னை ஏலத்தில் எடுத்தபோது அணியைப் புறக்கணிக்கச் சொல்லி சமூக வலைத்தளங்களில் குரல் எழுந்தது. அடுத்த ஆண்டே கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவன் பதிரனவின் கடைசி ஓவர் யோர்க்கர்களுக்குச் சென்னையின் சேப்பாக்கம் அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அரங்கத்தின் நினைவு அவ்வளவு குறுகியது. ரசிகனின் நினைவும் அதைவிட நீளமில்லை.

இந்தப் பழக்கத்தின் மெய்யான பலம் அதன் நீளத்தில் இருக்கிறது. கிண்ணங்களைச் சொல்லவில்லை. பெரும்போட்டி இரண்டு மூன்று நாள் திருவிழா; பாடி ஆடி முடிந்தால் அடுத்த ஆண்டு வரை பேச்சில்லை. லீக்கில் மட்டும் 14 ஆட்டங்கள் உள்ள பருவம் அப்படி விடாது. தோற்ற மறுநாளும் புள்ளிப் பட்டியலோடு உட்கார வேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் கோட்டை விட்ட பையன், நிகர ஓட்ட விகிதத்தை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, டில்லி எத்தனை ஓவருக்குள் தோற்றால் நமக்கு வாசல் திறக்கும் என்று விளக்குவதை இங்கே எந்தக் கடை வாசலிலும் கேட்கலாம். 2024 மே 18ஆம் திகதி பெங்களூரில் சென்னைக்கு வெற்றிகூடத் தேவைப்படவில்லை. 201 எடுத்தால் அடுத்த சுற்று. கடைசி ஓவரில் 17 வேண்டும், முதல் பந்தில் தோனி ஆறு, அடுத்த பந்தில் ஆட்டமிழப்பு, 191இல் எல்லாம் முடிந்தது. வெல்லாமலே தப்பிப் பிழைக்க ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கிலும் தோற்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் காட்டியிருக்காது.

2022 இன்னும் நல்ல உதாரணம். பருவம் தொடங்கிய வாரத்தில் நாட்டில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. காஸும் மண்ணெண்ணெயும் இல்லை. சென்னை முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது, தலைவராக்கப்பட்ட ஜடேஜா நடுவழியில் பொறுப்பைத் தோனியிடமே திருப்பிக் கொடுத்தார், கடைசியில் பத்து அணிகளில் ஒன்பதாம் இடம். அந்தப் பருவத்தைப் பின்தொடர்வதில் எந்தச் சந்தோஷமும் இருந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் கரண்ட் இருந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றிய ஒரே போனைச் சுற்றி அவர்கள் கூடினார்கள். அதில் விளையாட்டு பாதி. நாட்டைப் பற்றிய பயத்தை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் மறுபாதி.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்த நண்பர் கூட்டங்களில் பாதிப் பேர் கொழும்பில் புடவைக் கடையிலும் ஹோட்டலிலும் நிற்கிறார்கள். சிலர் வளைகுடா நாடுகளில். சித்திரைப் புத்தாண்டு பருவத்தின் நடுவில் விழுவதால், ஊர் வந்தவர்கள் இரண்டு ஆட்டமாவது பழையபடி ஒன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். மற்ற நாட்களில் வட்ஸ்அப் குழு. 'சாப்பிட்டியா' என்று ஒருவனை ஒருவன் கேட்கக் கூச்சப்படும் வயதில், 'துபே ஏன்டா இப்படி அடிக்கிறான்' என்று சென்னையின் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிக் கேட்பது அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அப்படியானால் அவர்கள் நேசிப்பது அணியையா, ஒருவரை ஒருவரா? 2016, 2017 பருவங்களில் இதற்கு விடை கிடைத்தது. சூதாட்டப் புகாரில் அணி நிர்வாகத்தைச் சேர்ந்தவர் சிக்கியதால் சென்னைக்கு இரண்டு ஆண்டுத் தடை. தோனி புனேக்கும் ரைனா குஜராத்துக்கும் போனார்கள். ரசிகர்களும் அப்படியே பிரிந்தார்கள். ஆனால் ஒரே காம்பராவில், ஒரே பாயில் உட்கார்ந்து எதிரெதிராகக் கத்தினார்கள். 2018இல் அணி திரும்பி வந்து கிண்ணத்தையும் எடுத்தது. தடைக்கு என்ன காரணம் என்று யாரும் கேட்கவில்லை. இந்த மறதிதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. அணியைச் சூது கறைப்படுத்தியதை மறந்தவன், தன் கைப்போனில் பெட்டிங் செயலி புகுந்தபோதும் அதைக் கறையாகப் பார்க்கவில்லை. பெரும்போட்டியில் பந்தயம் கட்டினால் நட்டம் இரண்டு மூன்று நாளோடு சரி. இரண்டு மாதப் பருவத்தில் நேற்றைய நட்டத்தை இன்று எடுத்துவிடலாம் என்ற ஆசை ஒவ்வொரு மாலையும் ஏழரைக்குக் கதவைத் தட்டும். நீளம் பலம் என்றேன். அதே நீளம் இங்கே கடனாகிறது.

சொந்த மைதானமும் கவனிப்பாரற்றுப் போகிறது. தோட்டத்து மென்பந்து அணி ஞாயிற்றுக்கிழமை நோர்வூட்டுக்கு ஆடப் போனால் கூடப் போக ஆள் தேட வேண்டும். அன்று பின்னேரம் மூன்றரைக்குச் சென்னை ஆட்டம் இருந்துவிட்டால் பதினொரு பேர் சேருவதே பாடு. பெண்கள் கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2023இல் தொடங்கிய பெண்கள் பிரீமியர் லீக்கில் ஐந்து அணிகள். சென்னைக்கு அணியே இல்லை. அது இல்லையே என்று வருந்திய ஒரு மஞ்சள் சட்டையை நான் சந்தித்ததில்லை. 2024 ஜூலையில் தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவைத் தோற்கடித்து ஆசியக் கிண்ணத்தை வென்றது. சொந்த நாட்டு மண்ணில், சொந்த நாட்டு அணி. அன்று கூட்டம் கூடியதாகத் தெரியவில்லை.

பெண்கள் என்றதும் அந்தக் காம்பராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. டிவி இருப்பதும் அங்கேதான், அம்மா படுப்பதும் அங்கேதான். ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடியும். மழை குறுக்கிட்டால் கணக்கே இல்லை. 2023 இறுதியாட்டத்தில் ஜடேஜா கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்தபோது நேரம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை. விடிந்தால் அந்த அம்மா பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்து, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு நேரத்தோடு நிற்க வேண்டும். சித்திரையிலும் வைகாசியிலும் மழைக்குக் கொழுந்து மளமளவென்று வரும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். நித்திரை கெட்டவளின் கை மலையில் எப்படி ஓடும்? நண்பர்களுக்கு இடையிடையே தேத்தண்ணி ஊற்றுவதும் அவள்தான். இந்தப் பருவத்தை இலவசப் பொழுதுபோக்கு என்று பையன்கள் நினைக்கிறார்கள், ஏனென்றால் அதன் விலை அவர்கள் கையிலிருந்து போவதில்லை.

2025இல் சென்னை முதன்முறையாகப் பட்டியலின் அடியில், பத்தாவது இடத்தில் முடித்தது. தோனியும் நாற்பதைத் தாண்டி நாளாகிறது. அவர் போன பிறகும் கூட்டம் கூடும் என்றே நினைக்கிறேன்; கூட்டம் கூடுவது அவருக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. எங்கே கூடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பல தோட்டங்களில் கோயிலை ஒட்டியோ தனியாகவோ ஒரு மண்டபம் இருக்கிறது. கல்யாணமும் கூட்டமும் இல்லாத நாட்களில் பூட்டித்தான் கிடக்கிறது. சாவி தோட்டத் தலைவரிடம் இருக்கும். டிவியை அங்கே தூக்கிப்போக இரண்டு பேர் போதும், கரண்ட் பில்லை ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிடலாம். சாவியைக் கேட்க வேண்டியது பையன்கள்தான், அதுவும் பங்குனி பிறக்கும் முன்பே.