இரண்டு பாத்திரங்கள்

டோட்டோ-சானைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரயில்பெட்டியில்தான் ஏறி உட்கார்கிறார்கள். டோக்கியோவில் சோசாகு கோபயாஷி 1937இல் தொடங்கிய டோமோயி பள்ளி. ஓடி முடித்த ரயில்பெட்டிகளே வகுப்பறைகள். சேர வந்த சிறுமியின் பேச்சை நான்கு மணிநேரம் கேட்ட தலைமையாசிரியர். டெட்சுகோ குரோயாநாகியின் இந்நூல் (1981) தமிழுக்கு வந்தபின், மாற்றுப்பள்ளி என்றாலே நமக்குக் கோபயாஷிதான்.

நான் மதிய உணவு வேளையில் நின்றுவிடுகிறேன். ஒவ்வொரு டப்பாவிலும் கடலிலிருந்து ஏதாவது, மலையிலிருந்து ஏதாவது இருக்க வேண்டும். கோபயாஷி எட்டிப் பார்த்து, இல்லாததைச் சொல்வார். பின்னாலேயே அவர் மனைவி கைக்கொரு பாத்திரமாக வருவார். கடல் என்றால் மீன் பண்டம், மலை என்றால் உருளைக்கிழங்கு. கவனிப்பவர் அவர், சமைத்ததைச் சுமந்து நடப்பவர் இவர். கல்விக் கோட்பாடாக நாம் படிப்பது முன்னால் போகிறவரை மட்டும். விதி எளிது, அம்மாக்களுக்குச் சிரமமில்லை என்பார்கள். சிறுதானிய உருண்டைதான் கொடுத்தனுப்ப வேண்டும் என்று 'பெற்றோருக்கு' வரும் சுற்றறிக்கையை வீட்டில் யார் படித்து அடுப்பு பற்றவைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

இன்னொரு காட்சி: உயரம் வளராத மாணவனிடம் வால் பற்றி விளையாட்டாகப் பேசிய வகுப்பாசிரியையை, மற்ற ஆசிரியர்கள் முன் அல்லாமல் சமையலறையில் வைத்துக் கண்டிக்கிறார் கோபயாஷி. கண்டித்தது சரி, இடத்தைத் தேர்ந்ததும் சரி. நூலில் அவர் மிக உயர்ந்து நிற்பது இங்கேதான். ஆனால் ஆசிரியையிடமிருந்து நமக்குக் கிடைப்பது சில வார்த்தைகளும் அழுகையும் மட்டும்.

குரோயாநாகி அந்தப் பாத்திரங்களையாவது பக்கத்தில் விட்டுவைத்தார். நம் நினைவு அதைக்கூடச் செய்வதில்லை. 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் கொடைக்கானலில் ஒரு சிறு பள்ளி நடத்தினார். அங்கே உடனிருந்து உழைத்தவர் இலங்கையின் லேனா விக்ரமரத்ன. மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை அம்பத்தூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு தொங்குகிறது. லேனாவை யார் சொல்கிறோம்? (மாண்டிசோரியே தன் மகனைப் பல ஆண்டுகள் பிறர் வளர்க்க விட்டவர், அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

கள்ளிக்குப்பத்தில், வாடகை வீட்டு முன்னறையில் நடக்கும் சிறு பள்ளிகளைப் பார்க்கப் போகும் தோழிகளிடம், ஆயாவின் பெயரையும் ஆசிரியையின் சம்பளத்தையும் கேட்டு வாருங்கள் என்கிறேன். முதலாவது சில சமயம் கிடைத்துவிடுகிறது.